பகூர் புகைக்கு மேல் எது நிற்கும்: அமுவாஜா, பக்காரா ரூஜா?

மூன்று மாதம் யோசித்து, போன ரம்ஜானுக்கு முந்தைய வாரம் ஒமான் செண்டு நிறுவனமான அமுவாஜின் இன்டர்லூட் மேன் வாங்கினேன். நீலக் குப்பி, 100 மி.லி. கடைசி நிமிடம் வரை அதோடு போட்டியில் இருந்தது மெசான் ஃபிரான்சிஸ் குர்க்ஜான் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பக்காரா ரூஜ் 540. வளைகுடாவில் செண்டு பிரியர்கள் நாலு பேர் கூடினால் இந்த இரண்டு பெயரும் வராமல் போகாது. மஸ்கட்டில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். இரண்டையும் லிஃப்டிலும் மஜ்லிஸிலும் (விருந்தினர் கூடும் அறை) கல்யாண வீட்டிலும் போதுமான அளவு முகர்ந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். இரண்டும் விலை அதிகம். இரண்டும் நாள் முழுக்க நிற்கும். இரண்டிலும் போலி நடமாடுகிறது, அதனால் அங்கீகாரம் பெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள். பக்காரா ரூஜ் வழக்கமாக 70 மி.லி. குப்பியில் வருகிறது, அமுவாஜ் 100 மி.லி. மில்லிக் கணக்குப் போட்டால் அமுவாஜ் கொஞ்சம் மலிவு.

பக்காரா ரூஜைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பக்காரா கண்ணாடி நிறுவனத்தின் 250-ஆம் ஆண்டுக்காக 2014-இல் 250 குப்பிகள் மட்டும் செய்தார்கள். அடுத்த ஆண்டே பொதுவிற்பனைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. குங்குமப்பூ, மல்லிகை, தேவதாரு, அடியில் அம்பர், இவற்றின் மேல் கருகும் சர்க்கரை போல ஒரு இனிப்பு. கஹ்வா என்கிற அரபுக் காப்பியிலும் சோற்றிலும் குங்குமப்பூ போடும் ஊரில் இது பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம். காற்றில் பறக்கிற விதமும் அழகு. போட்டவர் போன பிறகும் அந்த நடைவழியில் ஐந்து நிமிடம் நிற்கும். என் மனைவிக்கு இதுதான் உயிர்.

ஆனால் வளைகுடாவில் யாரும் வெறும் உடம்பில் செண்டு அடித்துக்கொள்வதில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. முதலில் காதுக்குப் பின்னால் தெஹ்ன் அல் ஊத், அதாவது அகில் எண்ணெய், ஒரு தீற்று. அப்புறம் தீஷ்தாஷா என்கிற நீண்ட அங்கிக்கு பகூர் புகை. பகூர் என்பது கரியில் இட்டுப் புகைக்கும் வாசனைக் கலவை, நம் சாம்பிராணி மாதிரி. அதற்கு மேல்தான் குப்பியிலிருந்து ஸ்ப்ரே. ஒமானில் இன்னும் ஒரு படி உண்டு. தீஷ்தாஷாவின் கழுத்தோரத்தில் ஒரு சின்ன நூல் குஞ்சம் தொங்கும், ஃபுராகா என்பார்கள். பக்கத்து மேசை ஒமானி நண்பர் காலையில் வந்ததும் விரல் நுனியில் அத்தரைத் தொட்டு அந்தக் குஞ்சத்தை உருட்டுவார். பேசும்போது தலையைத் திருப்பினால் முதலில் வருவது அந்த வாசனைதான்.

அதனால் இங்கே ஒரு செண்டை வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, தனியாக அது எப்படி மணக்கிறது என்பதல்ல. புகையேறிய துணியில் எப்படி மணக்கிறது என்பதுதான். கடையில் தரும் காகிதச் சீட்டில் இதற்குப் பதில் கிடைக்காது.

நான் செய்தது இதுதான். ஒரே மாதிரி இரண்டு வெள்ளைப் பருத்திச் சட்டை. மஜ்மரில், அதாவது தூபக்காலில், கரித்துண்டு பழுத்ததும் வீட்டு பகூர் ஒரு சிட்டிகை போட்டு, கூடைச் சட்டம் ஒன்றைக் கவிழ்த்து, ஆளுக்குப் பத்து நிமிடம் இரண்டு சட்டையையும் அதன் மேல் விரித்தேன். ஒன்றில் பக்காரா ரூஜ் இரண்டு அழுத்து, மற்றதில் இன்டர்லூட் இரண்டு அழுத்து, உள்பக்கமாக. வியாழன் இரவு ஒன்று, வெள்ளி இரவு மற்றது. இரண்டு நாளும் அதே வீட்டு மஜ்லிஸ், கிட்டத்தட்ட அதே ஆட்கள்.

பக்காரா ரூஜ் அன்று இனிப்பின் மேல் இனிப்பாக ஏறியது. காரணம் தேடிப் போக வேண்டாம். ஒமானி வீடுகளில் பெண்கள் காய்ச்சும் பகூரில் சந்தனத்தோடும் பன்னீரோடும் சர்க்கரைப் பாகும் சேரும். அது கரியில் படும்போதே இனிப்புப் புகைதான் எழும்புகிறது. பக்காரா ரூஜின் உயிரும் அதே பஞ்சுமிட்டாய்ச் சாயல்தான். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டன. குங்குமப்பூ எங்கோ அமுங்கிப்போனது. தனியாகப் போட்டால் அத்தனை ஒளியாக இருக்கும் வாசனை அது. புகை அதற்குத் தேவையே இல்லை என்றுதான் எனக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை நடந்தது வேறு. இன்டர்லூட் மேன் 2012-இல் பியர் நெக்ரான் செய்தது. அடித்தவுடன் ஆரிகனோவின் பச்சைக் காரம் மூக்கில் ஏறும். நம் கற்பூரவள்ளி இலையைக் கசக்கினால் வருமே, அதற்கு நெருங்கிய சொந்தம். அதன் கீழே லுபான் (குந்துருக்கம்), வெள்ளைப்போளம், அம்பர், தோல், ஊது (அகில்). கசப்பு மேலே இருப்பதால் பகூரின் இனிப்பை அது வெட்டிவிடுகிறது. அடியில் இருப்பதெல்லாம் பிசினும் கட்டையும் என்பதால், புகை எங்கே முடிகிறது, செண்டு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. வீட்டுப் பெரியவர் என் தோளில் கை போட்டு இழுத்து, சட்டைக் கழுத்தை முகர்ந்து, “இது என்ன ஊது?” என்று கேட்டார். செண்டு என்று அவர் நினைக்கவே இல்லை. அந்தக் கேள்வியோடு நான் முடிவு செய்துவிட்டேன்.

இது தற்செயல் அல்ல என்பது என் எண்ணம். 1983-இல் அப்போதைய மன்னர் சுல்தான் காபூஸின் விருப்பத்தின் பேரில் ஒமானில் தொடங்கிய நிறுவனம் அமுவாஜ். முதல் வாசனையான கோல்டைச் செய்ய பிரெஞ்சுக்காரர் கீ ரோபேரை அழைத்தார்கள். ஆனால் அவருக்குக் கொடுத்த பொருள்களில் தலையானது தெற்கு ஒமானில் இருக்கும் தோஃபாரின் லுபான், நம் ஊரில் குந்துருக்கம் என்கிற பிசினின் உயர்ந்த வகை. மரத்தின் பட்டையை லேசாகச் சீவிவிட்டுக் காத்திருந்தால் பால் வடிந்து கண்ணீர்த் துளி போல இறுகும். அந்த மரங்கள் நிற்கும் வாதி தவ்கா உள்ளிட்ட லுபான் நிலத்தை 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆண்கள் குப்பியின் மூடியே கஞ்சர் பிடியின் வடிவம். ஒமான் கொடியில் இருக்கிறதே, அந்த வளைந்த குத்துவாள்தான். செய்பவர்கள் ஐரோப்பிய நிபுணர்களாக இருந்தாலும், இந்த வாசனைகள் புகையோடு வாழும் வீடுகளை மனதில் வைத்துப் பிறந்தவை. மஸ்கட்டை ஒட்டிய சீபில் உள்ள அவர்களது தொழிற்கூடத்தைப் பார்வையாளர்களுக்குச் சுற்றிக்காட்டுகிறார்கள். மஸ்கட் வருபவர்கள் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கலாம்.

நமக்கும் இது அந்நியமில்லை. அகில் புகையில் கூந்தல் உலர்த்திய பெண்களைச் சங்கப் பாடல்கள் பாடுகின்றன. அந்த அகிலும் இந்த ஊதும் ஒன்றுதான். மஜ்மரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

இன்னொரு விஷயமும் அமுவாஜ் பக்கம் சாய வைத்தது. பக்காரா ரூஜின் சாயலில் மலிவு விலைச் செண்டுகள் எத்தனையோ வந்துவிட்டன. துபாயில் ஒரு மாலுக்குள் நுழைந்தால் அந்தச் சாயல் எந்தக் குப்பியிலிருந்து வருகிறது என்று சொல்வது கஷ்டம். அதோடு, அதற்கு என் மூக்கு சீக்கிரம் பழகிவிடுகிறது. அரை மணி நேரத்தில் எனக்குத் தெரியாது, அடுத்தவருக்குத் தெரியும். சிலருக்கு அது வசதி. நான் போட்டதை நானும் அனுபவிக்க வேண்டும் என்று நினைக்கிறவன்.

இன்டர்லூட் எல்லா இடத்துக்கும் ஏற்றதல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். ஏசி போட்ட சின்ன அறையில் இரண்டு அழுத்தே அதிகம். ஆபீசுக்கு நான் அதைப் போடுவதில்லை. அங்கே அமுவாஜின் ரிஃப்ளெக்ஷன் மேன் பொருந்தும். ஆரஞ்சுப்பூவும் மல்லிகையும் சந்தனமுமாகத் துவைத்த துணி மாதிரி இருக்கும். ஜூன் வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது பகலில் இரண்டு போட்டிக் குப்பிகளையும் தொட வேண்டாம். குப்பியைக் காரில் வைப்பதோ, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அடர்ந்த செண்டு எதையும் வெள்ளைத் துணியில் நெருக்கி அடிக்காதீர்கள், கறை விழும்.

குர்க்ஜான் நிறுவனத்தில் பகூரோடு ஒத்துப்போகும் குப்பியே இல்லை என்று சொல்ல வரவில்லை. ரோஜாவும் வனிலாவும் ஊதும் சேர்ந்த ஊத் சாடின் மூட் புகையோடு நன்றாகவே கூடும் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரே ஒரு மாலை மட்டும் சாம்பிள் போட்டுப் பார்த்தேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமல்ல. பெண்களுக்கான அமுவாஜ் வரிசையிலும் என் அனுபவம் குறைவு. கோல்டை ஒருவர் மேல் முகர்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். நான் சொல்வதெல்லாம் மஸ்கட் வீடுகளை வைத்து. குவைத்திலும் ரியாத்திலும் பகூர் வேறு கைப்பக்குவம். அங்கே ஊதுக்கட்டையை மட்டும் எரிக்கும் வீடுகளில் சர்க்கரை மோதல் இருக்காது, பக்காரா ரூஜ் அழகாக நிற்கவும் கூடும்.

அதனால் வாங்கும் முன் சாம்பிள் கேட்டு வாங்குங்கள். வீட்டில் எரிக்கும் அதே பகூரில் ஒரு சட்டையைப் புகைத்து, அதில் அடித்து, ஒரு இரவு போட்டுக்கொண்டு விருந்துக்குப் போங்கள். இங்கே விருந்து முடிவதற்கு அடையாளமே மஜ்மர் சுற்றி வருவதுதான். “ஊது வந்த பிறகு உட்காருவதில்லை” என்று அரபியில் ஒரு சொலவடை. தாடியையும் தலைத்துண்டையும் புகையில் காட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் உங்கள் சட்டைக் கழுத்தை நீங்களே ஒருமுறை முகர்ந்து பாருங்கள். நான் நீலக் குப்பியை வாங்கியது அப்படி முகர்ந்த பிறகுதான்.