எலுமிச்சை மஞ்சள் பெயிண்ட்: மாம்பலம் தரைத்தள வீட்டில் ஒன்றரை வருடம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, மேற்கு மாம்பலத்தில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் ஒன்றரை அடி தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு எல்லாச் சுவரிலும் ஒரே மட்டத்தில் ஒரு பழுப்புக் கோடு. "இந்தக் கோட்டைப் பார்த்துக்கிட்டே எத்தனை நாள் சாப்பிடறது?" என்று அம்மா கேட்டார். சரி, பொங்கலுக்குள் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று நான் சொன்ன அடுத்த நிமிடமே நிறத்தையும் அவரே முடிவு செய்துவிட்டார். எலுமிச்சை மஞ்சள்.

காரணம் வீட்டின் இருட்டு. 1989-ல் கட்டிய அபார்ட்மென்ட். வாசலிலிருந்து சமையலறை வரை 18 அடி நீள நடை, அதில் ஜன்னலே கிடையாது. சமையலறைக்கு ஜன்னல் உண்டு, ஆனால் நாலடி தள்ளி பக்கத்து பில்டிங்கின் சுவர். பகல் பன்னிரண்டு மணிக்கும் லைட் போட்டுத்தான் அரிசி களைய வேண்டும். அம்மாவுக்கு 76 வயது. இரண்டு கண்ணிலும் புரை. நடையில் சுவரைத் தடவிக்கொண்டேதான் வருவார்.

பெயிண்ட் கம்பெனி பெயரை நான் எழுதவில்லை. நாங்கள் வாங்கியது நடுத்தர விலை உள்சுவர் எமல்ஷன். வேறு கம்பெனி டப்பாவாக இருந்திருந்தாலும் எங்களுக்கு நடந்தது நடந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் இது நிறத்தின் குணம்.

முதலில் நான் செய்த தவறு. ஷேட் கார்டில் விரலளவு கட்டத்தைப் பார்த்து, நடுவாந்தரமான அடர்த்தியில் ஒரு மஞ்சளைத் தேர்ந்தெடுத்தேன். கார்டில் அது அவ்வளவு சாதுவாக இருந்தது. 4 லிட்டர் வாங்கி, ஜனவரி முதல் வாரத்தில் ஹாலின் நாலு சுவருக்கும் ஒரு கோட் ஓட்டியாயிற்று. சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்து ட்யூப்லைட்டைப் போட்டேன். ஹாலில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம் காமாலை வந்த மாதிரி இருந்தது. கொடியில் காய்ந்த வெள்ளைத் துண்டுகூட மஞ்சள் அடித்தது.

ஏன் இப்படி என்று கடைக்காரர் மறுநாள் பொறுமையாக விளக்கினார். மஞ்சள் சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச் சுவருக்கு மஞ்சளாகவே போகிறது, அங்கே பட்டு இன்னும் மஞ்சளாகித் திரும்புகிறது. நாலு சுவரும் ஒன்றுக்கொன்று நிறம் ஏற்றிவிடுகின்றன. கார்டில் இருக்கிற கட்டத்துக்கு எதிரே இன்னொரு கட்டம் இல்லையே! அதனால் கார்டில் பிடித்ததிலிருந்து அதே வரிசையில் குறைந்தது இரண்டு கட்டம் வெளிறிப் போனால்தான், சுவரில் நாம் நினைத்த நிறம் கிடைக்கும். இதை அவர் முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று எனக்குக் கோபம் இல்லை. நான் கேட்கவில்லை, நம்பரைச் சொல்லி கலக்கச் சொன்னேன், அவர் கலக்கிக் கொடுத்தார்.

எங்கள் ட்யூப்லைட்டும் ஒரு காரணம். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் நீலம் கலந்த வெள்ளை. (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும்.) எலுமிச்சை மஞ்சளே கொஞ்சம் பச்சைப் பக்கம் சாய்ந்த மஞ்சள். அதன்மேல் நீல வெளிச்சம் விழுந்தால் பச்சை தூக்கலாகத் தெரியும். 3000 கெல்வின் பல்பில் பார்த்தால் அதே சுவர் சந்தன நிறத்துக்குப் போய்விடுகிறது. எலுமிச்சையே காணாமல் போகிறது. கடைசியில் நடையிலும் சமையலறையிலும் 4000 கெல்வின் லைட் போட்டோம். எங்கள் கண்ணுக்கு அதுதான் சரியாக வந்தது. பெயிண்ட் வாங்கும் முன் லைட்டை முடிவு செய்துவிடுங்கள், பிறகு மாற்றினால் நீங்கள் வாங்கிய நிறமும் மாறிவிடும்.

இன்னொரு சிக்கல், பழைய ரோஸ் நிறம் அடியிலிருந்து தெரிந்தது. "மஞ்சள் மூடாதுக்கா, சும்மா குடிச்சிக்கிட்டே இருக்கும், மூணு கோட் கேக்கும்" என்றார் மேஸ்திரி. அது உண்மைதான். அடர்த்தியான மஞ்சளுக்குக் கடையில் எடுக்கிற பேஸில், அதாவது கலர் சேர்க்கும் முன் இருக்கிற அடிப்படை பெயிண்டில், வெள்ளைச் சத்து குறைவு. வெள்ளை அதிகமானால் நிறம் வெளிறிவிடும் என்பதால் அப்படி. இப்போது போடுகிற மஞ்சள் நிறமியோ பெரும்பாலும் தானாக அவ்வளவு மறைக்காது. வெளிறிய மஞ்சளுக்கு வெள்ளை பேஸ் போடுவார்கள், அது நன்றாக மூடும். ஆக, வெளிறியதை எடுப்பது கண்ணுக்கும் நல்லது, கோட்டும் குறையும், விலையும் குறையும். அடர்த்தி ஏற ஏற கலர் சேர்க்கிற காசு ஏறும் என்பது பில்லைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் காலத்து மஞ்சள் ஒரே கோட்டில் மூடுமே என்று அம்மா கேட்டார். மூடும்தான். அப்போது எனாமல் மஞ்சளில் லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மத்தைப் போட்டார்கள். பளிச்சென்று இருக்கும், எதையும் மறைக்கும். ஆனால் ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம். இந்தியாவில் 2016-ல் விதி கொண்டுவந்து, 2017 நவம்பர் 1 முதல் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்று ஆக்கினார்கள். டப்பாவில் அது அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். இதைவிட முக்கியமான விஷயம், வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பழைய மஞ்சள். எங்கள் ஜன்னல் கிரில்லில் கட்டிய காலத்து மஞ்சள் எனாமல் இருந்தது. மேஸ்திரி அதை உப்புத்தாளால் வறட்டு வறட்டென்று தேய்க்கப் போனார். நான் தடுத்து, தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொன்னேன், முகத்துக்கு மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன், தம்பி குழந்தைகளை அந்த வாரம் வீட்டுக்கு வர வேண்டாம் என்றேன். பழைய மஞ்சள், பழைய ஆரஞ்சு எனாமல் இருக்கிற வீடுகளில் தயவுசெய்து அந்தத் தூளைப் பறக்க விடாதீர்கள். கீழே செய்தித்தாள் விரித்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

ஹாலில் இன்னொரு தவறும் நடந்தது, அது அவசரம். வெள்ளம் குடித்த சுவர் ஒரு மாதத்தில் காயவில்லை. தை பிறந்து இரண்டு வாரத்திலேயே கீழ்ப்பக்கம் இரண்டடி உயரத்துக்கு உப்பு பூத்து, பெயிண்ட் அப்பளம் மாதிரி எழும்பியது. அதற்குப் பிறகு பொங்கல், நல்ல நாள் எதையும் பார்க்கவில்லை. கீழ்ப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு செங்கல்லை ஆற விட்டோம். புதிதாகப் பூசி 28 நாளுக்கு மேலும் விட்டோம். காய்ந்ததா என்று பார்க்க மேஸ்திரி ஒரு வழி சொன்னார். ஒரு முழம் பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட வேண்டும். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் நடைச் சுவர் மார்ச் கடைசியில்தான் அதில் பாஸ் ஆனது.

இந்தக் காத்திருப்பில்தான் நிறத்தை ஒழுங்காகத் தேர்ந்தெடுக்க நேரம் கிடைத்தது. 200 மில்லி சாம்பிள் டப்பா மூன்று வாங்கினேன். சுவரில் நேராக அடித்துப் பார்த்தால் சுற்றியிருக்கும் பழைய நிறம் கண்ணைக் குழப்பும். அதனால் பழைய தினசரி காலண்டர் அட்டைகளின் பின்பக்கம் வெள்ளை ப்ரைமர் (பெயிண்டுக்கு முன் போடும் அடிப்பூச்சு) அடித்து, அதன்மேல் இரண்டு கோட் மஞ்சள் அடித்து, அவற்றை வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். காலை ஏழு மணிக்கு, மதியம், இரவு எட்டு மணிக்கு. ஓர் அட்டை நடையில் அருமையாக இருந்தது, சமையலறைக்குக் கொண்டுபோனால் மாங்காய்த் தோல் நிறமாகிவிட்டது. எனக்குப் புரியவே இல்லை. பக்கத்து பில்டிங் சுவர் இளம்பச்சை! ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சமே அந்தச் சுவரில் பட்டுப் பச்சையாகத்தான் வருகிறது. சமையலறைக்கு மட்டும் பச்சை குறைந்த, கொஞ்சம் வெண்ணெய்ப் பக்கம் சாய்ந்த மஞ்சளாக எடுக்க வேண்டியிருந்தது. ஒரே வீட்டில் ஒரே நிறமாகத் தெரிவதற்கு இரண்டு நிறம் வாங்கினோம்.

அம்மாவிடம் அட்டைகளைக் காட்டியபோதுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. மூன்றில் வெளிறிய இரண்டையும் பார்த்துவிட்டு, "ஏண்டி, இது வெள்ளைதானே? எலுமிச்சை எங்கே?" என்றார். மிக அடர்த்தியானதைக் காட்டினால், "ஆங், இது கொஞ்சம் பரவாயில்லை" என்றார். ஹாலில் எங்களுக்கெல்லாம் காமாலையாகத் தெரிந்த சுவர் அம்மாவுக்குச் சாதாரணமாகத் தெரிந்ததன் காரணம் அப்போதுதான் உறைத்தது. வயதில் வரும் கண் புரையில் பெரும்பாலும் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸே மஞ்சளாகப் பழுத்துவிடும், நீல வெளிச்சம் அதிகம் உள்ளே போகாது. அவருக்கு வெள்ளைச் சுவர் ஏற்கெனவே மஞ்சள்தான். வெள்ளைக்கும் இளமஞ்சளுக்கும் வித்தியாசம் அவர் கண்ணில் இல்லை. வயதானவர்களை உட்கார வைத்து நிறம் கேட்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் பொய் சொல்லவில்லை, பிடிவாதமும் பிடிக்கவில்லை. அவர்களுக்குத் தெரிவது வேறு.

பிப்ரவரியில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. இடது கண்ணுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டு, சொட்டு மருந்து எல்லாம் முடிந்த பிறகு மறுபடி அட்டைகளை எடுத்து வந்தேன். ஒரு கண்ணைக் கையால் மூடிப் பார்த்தார், கையை மாற்றி அடுத்த கண்ணை மூடிப் பார்த்தார். "இந்தக் கண்ணுக்கு எலுமிச்சை. அந்தக் கண்ணுக்குச் சந்தனம்" என்றார். அப்புறம் ஹால் சுவரைப் பார்த்து, "ஐயோ, இதையா நான் நல்லாயிருக்குன்னு சொன்னேன்?" என்றார். மூன்றில் மிக வெளிறிய அட்டையை அவரே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எலுமிச்சம்பழத் தோலின் நிறமில்லை அது; பழத்தை நறுக்கினால் உள்ளே சுளையில் தெரியுமே, அந்த நிறம்.

ஏப்ரலில் அடித்தோம். சமையலறையில் டைல்ஸுக்கு மேலே உள்ள இடத்தையும் நடையையும் சேர்த்து சுமார் 380 சதுர அடி. வெள்ளை ப்ரைமர் ஒரு கோட், அதன்மேல் எமல்ஷன் இரண்டு கோட். நடைக்கு இரண்டு டப்பா வாங்கியதால், மேஸ்திரி இரண்டையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலந்துவிட்டுத்தான் ரோலரைத் தொட்டார். தனித்தனியாக மெஷினில் கலந்த டப்பாக்களுக்குள் துளி வித்தியாசம் இருந்தாலும் வெளிறிய மஞ்சளில் அது நடுச்சுவரில் கோடாகத் தெரியும். சீலிங் வெள்ளைதான். ஹாலை ப்ரைமர் போட்டு மறைத்து மோர் வெள்ளைக்கு மாற்றினோம். மிச்சமிருந்த அடர்த்தி மஞ்சளைப் பரணுக்குள்ளும் சுவர் அலமாரிகளுக்குள்ளும் அடித்தோம். அந்த இடத்தில் அது மிகப் பொருத்தம். இருட்டுப் பரணில் எந்தப் பாத்திரம் எங்கே என்று டார்ச் இல்லாமல் தெரிகிறது.

ஒன்றரை வருடத்தில் எப்படி இருக்கிறது? நடைக்கு முழு மார்க். வாசல் கதவு திறந்திருந்தால் பகலில் லைட் தேவைப்படுவதில்லை. பழுப்பு நிறத் தேக்குக் கதவுகளும், சாம்பலும் பச்சையும் கலந்த பழைய மொசைக் தரையும் இந்த நிறத்தோடு நன்றாகச் சேர்கின்றன. அம்மா சுவரைத் தொடாமல் நடக்கிறார். அதில் பாதி ஆபரேஷனுக்குச் சேர வேண்டியது, மீதி சுவருக்கு. சமையலறையில் மஞ்சள்தூள் கறை கண்ணுக்கு உறுத்தவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு உறுத்துகிறது, அடுப்புக்கு மேல் ஓரமாகத் தேன் நிறத்தில் படிகிறது. சோப்புத் தண்ணீரில் மென்மையான துணியை நனைத்து மாதம் ஒருமுறை துடைக்கிறேன், போய்விடுகிறது. சமையலறைக்குக் கழுவக்கூடிய ரகம் வாங்கியது நல்லதாயிற்று. நடைக்குப் பளபளப்பு இல்லாத மேட் எடுத்தோம், நாற்பது வருடத்தை நெருங்கும் சுவரின் மேடு பள்ளத்தை அது மறைக்கிறது. ஆனால் ஸ்விட்ச் போர்டைச் சுற்றி விரல் கறை சீக்கிரம் தெரிகிறது, தேய்த்தால் அந்த இடம் மட்டும் மினுங்குகிறது.

2024 மழைக்காலத்தில் பாத்ரூமை ஒட்டிய நடைச் சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஓதம் வந்தது. வெள்ளையில் அது சாம்பலாகத் தெரிந்திருக்கும், மஞ்சளில் அழுக்குப் பழுப்பாக, தூரத்திலிருந்தே தெரிந்தது. குழாய்க் கசிவைச் சரிசெய்து, காய விட்டு, எடுத்து வைத்திருந்த பெயிண்டால் தொட்டுவிட்டேன். உற்றுப் பார்த்தால் ஒட்டுப் போட்டது தெரியும். ஒரு பாட்டிலில் அரை லிட்டர் எடுத்து, மேலே ஷேட் நம்பரையும் தேதியையும் எழுதி வையுங்கள். வெயில் நேராக விழுகிற பால்கனிக்கு இந்த நிறத்தைக் கேட்டேன், வெளுத்துவிடும் என்று கடைக்காரரே வேண்டாம் என்றார். கேட்டுக்கொண்டேன்.

பூஜை அலமாரி ஒன்றுதான் பாக்கி. அதற்கு வேண்டிய பெயிண்ட் பாட்டிலில் இருக்கிறது, மேஸ்திரி அரை நாளில் முடித்துவிடுவதாகச் சொல்கிறார். அம்மாதான் தள்ளிப்போடுகிறார். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். அது முடிந்து, இரண்டு கண்ணாலும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் நிறத்தைச் சொல்வாராம்.