கழற்றாமலே ‘முழுவதும் கழற்றிப் புதுப்பித்த’ ஸ்டெம்

பழைய பிஎம்எக்ஸ் (சிறு சக்கரப் பந்தய) சைக்கிளின் ஸ்டெமை, அதாவது ஹேண்டில்பாரை முன்பக்க ஃபோர்க்கோடு இணைக்கும் பாகத்தை, புதுப்பிக்க யாரிடமாவது கொடுக்க நினைத்திருந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 280 டாலரும் நான்கு மாதங்களும் போயின. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். விரிசல் கண்ட ஸ்டெமைச் சிவப்புப் பூச்சால் மூடி அனுப்பியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதை ஓட்டப் போவது என் பதினோரு வயது மகன் என்பதை, புதுப்பித்துத் தர ஒப்புக்கொண்டவருக்கு முதல் மின்னஞ்சலிலேயே சொல்லியிருந்தேன்.

நாங்கள் குடியிருப்பது லாஸ் ஏஞ்சலஸின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில். மலையைத் தாண்டினால் சிமி வேலி. 1974இல் ஸ்கிப் ஹெஸ் மோட்டோமேக் என்ற வார்ப்புச் சக்கரங்களோடு மங்கூஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஊர் அது. இந்தப் பகுதியில் ஐம்பது வயதைத் தாண்டிய பலருக்கு பிஎம்எக்ஸ் என்றால் பிள்ளைப் பருவமே கண்முன் வந்து நிற்கும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் அப்படித்தான். சிறுவனாக இருந்தபோது பந்தயம் ஓட்டிய தன் மங்கூஸ் சைக்கிளை, கண்ணும் கருத்துமாகச் சைக்கிள் துடைப்பவன் என்று பார்த்து, என் மகனுக்கே கொடுத்துவிட்டார்.

அதில் இருந்தது டஃப் நெக் பாணி ஸ்டெம். அலுமினியக் கட்டி ஒன்று, ஹேண்டில்பாரைப் பிடிக்க மேலே ஒரு தகடு, நான்கு போல்ட்டுகள், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்குக்குள் இறங்கும் எஃகுத் தண்டு, அந்தத் தண்டை உள்ளிருந்து இறுக்கும் ஆப்பு. சிவப்பு அனோடைசிங் (மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தில் ஏற்றும் நிறம்) வெயிலில் வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. தண்டின் குரோம் முலாமில் துருப்புள்ளிகள். இப்போது யோசித்தால், அதை அப்படியே விட்டிருக்க வேண்டும்.

அவர் ஒப்புக்கொண்ட வேலை இதுதான்: ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவது, அலுமினியத்தின் பழைய நிறத்தை நீக்கி மெருகேற்றி மீண்டும் சிவப்பில் அனோடைஸ் செய்வது, தண்டுக்குத் தனியாகக் குரோம் பூசுவது, பழைய போல்ட்டுகளையே சுத்தம் செய்து திருப்பித் தருவது. எல்லாம் எழுத்தில் இருக்கிறது.

பெட்டியைப் பிரித்தபோது பளபளவென்று இருந்தது. மகன் துள்ளிக் குதித்தான். அன்று மாலையே பூட்டினோம். அவன் ஏறி உட்கார்ந்து கைப்பிடியைத் தன்பக்கம் இழுத்ததும் ஹேண்டில்பார் அப்படியே சுழன்று இறங்கியது. இறுக்கிப் பார்த்தேன், மீண்டும் சுழன்றது. இறங்கு என்று சொல்லிவிட்டு, அன்றிரவே ஸ்டெமை மேசையில் வைத்துப் பிரித்தேன்.

பிடிமானம் இருக்க வேண்டிய உட்குழிவு முழுவதும் வண்ணம் தடவியிருந்தது. வழுக்காமல் என்ன செய்யும்? அசிட்டோனில் நனைத்த பஞ்சால் தேய்த்தேன், பஞ்சு சிவந்தது. அனோடைசிங்கில் நிறம் உலோகத்தின் மேல் வளர்ந்த ஆக்ஸைடு அடுக்கின் நுண்துளைகளுக்குள் இறங்கி, பிறகு வெந்நீரில் அடைபட்டு நிற்கும். அசிட்டோனுக்கு அது அசையாது. எனக்கு வந்தது வெறும் ஸ்ப்ரே வண்ணம்.

அனோடைசிங்கை அவர் ஏன் செய்யவில்லை என்பதும் விளங்கியது. அந்த வேலையில் அலுமினியத்தைக் கந்தக அமிலத் தொட்டியில் வைத்து மின்சாரம் பாய்ச்ச வேண்டும். எஃகுத் தண்டோடு சேர்த்து இறக்கினால் எஃகை அமிலம் தின்றுவிடும். தண்டை அழுத்தி வெளியே எடுக்கச் சிரமப்பட்டு, அவர் அதைத் தொடவே இல்லை. பழைய நிறத்தை நீக்க மட்டும் மொத்தத்தையும் காஸ்டிக் சோடாவில் முக்கியிருக்கிறார். அந்தக் கரைசல் தண்டும் கட்டியும் சேரும் இடுக்கில் தங்கி, வெள்ளை உப்பாகப் பொரிந்து வந்துகொண்டிருந்தது. அளவுக்கு மீறி ஊறியதும் அதன்மேல் போட்ட பஃபிங்கும் பொறித்த எழுத்துகளைக் கரைத்து நிழலாக்கிவிட்டன.

முன்பக்க போல்ட் துளையை ஒட்டி வண்ணத்தைத் துடைத்தபோதுதான் விரிசல் தெரிந்தது. நகத்தை வைத்தால் நகம் மாட்டியது. அதற்குள்ளும் சிவப்பு வண்ணம் இறங்கியிருந்தது, ஆக விரிசல் வண்ணத்துக்கு முந்தியது. என்னிடம் இருந்தபோதே இருந்ததா, அவர் கையில் வந்ததா, அறியேன். மெருகேற்றியவர் கண்ணில் அது படாமல் இருந்திருக்க முடியாது. சைக்கிளில் வேறு பல பாகங்கள் உடைந்தால் எப்படியோ நிறுத்திவிடலாம். ஸ்டெம் உடைந்தால் கைப்பிடி கையோடு வந்துவிடும்.

போல்ட்டுகளும் பழையவை அல்ல. ஏதோ ஹார்டுவேர் கடைச் சரக்கு, நீளமும் குறைவு. அலுமினியத்தில் எஃகு போல்ட் தன் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது உள்ளே இறங்கியிருக்க வேண்டும். இவை மூன்று நான்கு மரைகளில் தொங்கிக்கொண்டிருந்தன.

படங்களோடு எழுதினேன். “பழைய பொருள் என்றால் அப்படித்தான் இருக்கும்” என்று ஒரே வரியில் பதில் வந்தது. போல்ட்டுகளையாவது திருப்பி அனுப்புங்கள் என்றதற்குப் பதிலே இல்லை. பணத்தை நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் அனுப்பச் சொல்லியிருந்தார், கட்டணம் மிச்சமாகும் என்று. அப்படி அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. கடன் அட்டையில் கொடுத்திருந்தால் வங்கியிடம் முறையிட்டிருக்கலாம்.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், வேலை தொடங்கும் முன் பாகங்கள் தனித்தனியாகப் பிரிந்து கிடக்கும் படத்தைக் கேளுங்கள். தண்டு கட்டியிலிருந்து வெளியே வந்திருக்கிறதா என்று அந்தப் படத்தில் பாருங்கள். அது வராமல் அனோடைசிங் நடக்காது. நிறம் நீக்கியதும், வண்ணம் ஏறும் முன், வெற்று உலோகத்தின் படம் இன்னொன்று. விரிசல் அதில்தான் தெரியும். போல்ட்டுகளையும் ஆப்பையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி பிடிக்கும் குழிவில் பூச்சு வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். இன்னொன்று: பழைய அமெரிக்க பிஎம்எக்ஸ் தண்டின் விட்டம் 21.1 மில்லிமீட்டர், சாதாரண சைக்கிள்களில் 22.2. மாற்றுத் தண்டு போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காலிப்பரை எடுத்து அளந்து பாருங்கள். 22.2ஐத் தேய்த்து உள்ளே திணிப்பவர்கள் இருக்கிறார்கள்.

அவரும் கலிஃபோர்னியாக்காரர்தான் என்பதால் சிறு வழக்கு நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். 1,500 டாலருக்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் 30 டாலர், வழக்கறிஞர் தேவையில்லை. விசாரணை அடுத்த மாதம். ஸ்டெமையும் சிவந்த பஞ்சையும் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் நேற்றுத்தான் சொன்னேன். விரிசலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மகன் ஓட்டினானா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். உள்ளே போய்த் தன் பழைய கருவிப்பெட்டியிலிருந்து இன்னொரு ஸ்டெமை எடுத்து வந்தார். கறுப்பு, ஆங்காங்கே வெளுத்தது. அதைத் துடைத்து மட்டும் பூட்டியிருக்கிறோம்.