கம்பக் கொட்டகை கட்ட யாரை அமர்த்துவது?

கம்பக் கொட்டகை பார்வைக்கு எளிய கட்டடம். அதற்குச் சுற்று அஸ்திவாரம் கிடையாது. குழி தோண்டி மண்ணில் நட்ட மரக்கம்பங்களே அஸ்திவாரமாகவும் தூணாகவும் நிற்கும். அவற்றின் மேல் ட்ரஸ்களை, அதாவது கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டங்களை ஏற்றி, பக்கங்களில் குறுக்குச் சட்டங்களை அடித்து, தகட்டைப் போர்த்திவிட்டால் வேலை முடிந்தது. அமெரிக்கப் பண்ணைகளில் 1930களில் உருப்பெற்ற இந்த முறை பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம், செலவு பிடிக்கும் அஸ்திவார வேலையை அது தவிர்த்ததுதான். கட்டுபவரைத் தேர்வு செய்வது கடினமாவதற்கும் அதுவே காரணம். ஏனென்றால் கட்டடத்தின் பாரம் முழுவதையும் தாங்கும் பகுதி, வேலை தொடங்கிய சில நாட்களிலேயே மண்ணுக்குள் மறைந்துவிடுகிறது.

நான் இரண்டு கொட்டகைகளைக் கட்டுவித்திருக்கிறேன். முதலாவதை, வரைபடம், பொருள், ஆட்கள் என எல்லாவற்றையும் ஒரே விலையில் தரும் ஒரு தொகுப்பு நிறுவனம் கட்டியது. இரண்டாவதை, நான்கு ஆட்களைச் சொந்தமாக வைத்து வேலை செய்யும் ஒரு தனி ஒப்பந்தக்காரர் கட்டினார். பொருள் தொகுப்பை மட்டும் வாங்கிக்கொண்டு, கூலிக்கு ஆள் அமர்த்தி நாமே நின்று கட்டிக்கொள்வது மூன்றாவது வழி; அதை யோசித்துப் பார்த்துக் கைவிட்டேன். இனி இன்னொரு கொட்டகை கட்ட நேர்ந்தாலும் தனி ஒப்பந்தக்காரரிடமே போவேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடுநிலையான அலசல் அன்று.

எல்லோருக்கும் தெரிந்தவற்றில் நேரம் செலவிடப் போவதில்லை. மூவரிடமாவது எழுத்தில் விலைப்புள்ளி வாங்க வேண்டும். முன்பு கட்டியவற்றை நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அதிலும் புதிதாகக் கட்டியதைவிடப் பத்து வருடம் நின்றதைப் பார்ப்பது மேல். உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதியை யார் வாங்குவது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். கூரையிலிருந்து ஆள் விழுந்தால் யாருடைய காப்பீடு பொறுப்பேற்கும் என்பதைப் பத்திரத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. யாரை அமர்த்தினாலும் இவை பொருந்தும் என்பதால், இவற்றை வைத்து ஒருவரை விட்டு மற்றவரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

தொகுப்பு நிறுவனத்தின் பலம் காகிதத்தில் இருக்கிறது. காற்றின் விசையையும், பனி விழும் இடமாக இருந்தால் அதன் பாரத்தையும் கணக்கிட்டுப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம் முதல் நாளே கைக்கு வந்துவிடும். வேலை தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் சொன்னபடி பெரும்பாலும் நடக்கும். என் விஷயத்தில் இரண்டு நாள்தான் தாமதம். தகட்டின் வண்ணத்துக்கு மிக நீண்ட உத்தரவாதம் தருவார்கள், அதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டும் தருவார்கள். ஆனால் நம்மிடம் பேசி விற்பவர் ஒருவர், வரைபவர் இன்னொருவர், குழி தோண்ட வருகிறவர்களோ உள்குத்தகைக்கு வந்த மூன்றாவது கூட்டம். அந்த மூன்றாவது கூட்டத்துக்குக் கொட்டகை ஒன்றுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கூலி. எத்தனை நாள் சீக்கிரம் முடிக்கிறார்களோ அத்தனை நாள் அவர்களுக்கு லாபம்.

என் முதல் கொட்டகையில் ஒன்பதாவது வருடம் பெரிய கதவு இழுபடாமல் சிக்கத் தொடங்கியது. கதவு ஓடும் தண்டவாளத்தில் கோளாறு என்று நினைத்து இருமுறை எண்ணெய் விட்டேன். பிறகு தூக்குக்குண்டைக் கட்டிப் பார்த்தபோது, கதவோரக் கம்பம் இறங்கி வெளிப்பக்கமாகச் சாய்ந்திருப்பது தெரிந்தது. பக்கத்தில் மண்ணை வெட்டிப் பார்த்தோம். வரைபடத்தில் நான்கடி ஆழம் என்று போட்டிருந்த இடத்தில் கம்பம் இரண்டரை அடியோடு நின்றுவிட்டிருந்தது, அடியில் பாறை. பாறையைக் கண்டதும் குழியை ஆழப்படுத்தாமல், உயரத்தைச் சரிக்கட்டக் கம்பத்தின் அடியை ரம்பத்தால் அறுத்து, அறுத்த முனையை மண்ணுக்குள் இறக்கியிருக்கிறார்கள். கான்கிரீட் அடித்தளமும் போடவில்லை. பாறைக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்தது இரண்டு கைப்பிடி உதிரி மண்தான். அறுத்த முனையில் திருப்புளியை வைத்து அழுத்தியதும், ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல இரண்டு அங்குலம் உள்ளே போனது.

நிறுவனத்தார் மரியாதையாகத்தான் பேசினார்கள். வண்ணத்துக்கான உத்தரவாதம் இன்னும் நடப்பில் இருக்கிறது என்றார்கள். கட்டுமான வேலைக்கான உத்தரவாதம் ஒரு வருடம்தான், அது முடிந்துவிட்டது. மரத்துக்கான உத்தரவாதம் மருந்தேற்றிய ஆலையுடையது. அறுத்த முனை மண்ணுக்குள் போயிருந்தால் அது செல்லாது என்று அந்தப் பத்திரத்திலேயே சிறிய எழுத்தில் இருந்தது. அறுத்த கூட்டத்தார் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே இரண்டாம் முறை ஆள் தேடும்போது, விலையையும் தகட்டின் தடிமனையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, எல்லோரிடமும் குழியைப் பற்றி மட்டுமே கேட்டேன். காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கம்பத்துக்கு ஏற்றும் மருந்து அழுத்தத்தில் ஏற்றப்பட்டாலும் மரத்தின் நடு வயிரம் வரை போய்ச் சேர்வதில்லை. பெரும்பாலும் வெளிப்புறத்து வெண்மரத்தில்தான் நிற்கிறது. அறுத்தால் மருந்து எட்டாத நடுப்பகுதி வெளியே தெரியும், வெட்டுமுகமோ பக்கவாட்டைவிட வேகமாக ஈரத்தை உறிஞ்சும். எனவே ஆலையில் மருந்தேறிய முனைதான் மண்ணுக்குள் போக வேண்டும். நீளத்தைக் குறைப்பதானால் மேல் முனையில்தான் அறுக்க வேண்டும். மூன்று பலகைகளைச் சேர்த்து அடித்த கம்பங்களில் பலவற்றுக்கு அடிப்பகுதியில் மட்டுமே மருந்தேற்றுவதால், அங்கே இந்த விதி இன்னும் கண்டிப்பானது. சொல்லப்போனால், சாதாரணமாகக் கம்பம் முதலில் அழுகுவது அடியில் அன்று, மண்மட்டத்தை ஒட்டிய ஓரடிக்குள்தான். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான். மழைநீர் கம்பத்தைச் சுற்றித் தேங்காமல் வெளியே வடியும்படி மண்ணைச் சரிவாக அமைப்பதும் இதனால் குழி வேலையின் ஒரு பகுதியே.

இன்னொன்று, கொட்டகை கீழே இறங்குவதைப் போலவே மேலே எழும்பவும் பார்க்கும். கட்டடம் லேசானது; ஒரு பக்கம் திறந்திருக்கும்போது புகுந்த காற்று கூரையை உள்ளிருந்து தள்ளும், கம்பங்களைச் செடியைப் பிடுங்குவதுபோல இழுக்கும். அதைத் தடுப்பதற்காகத்தான் கம்பத்தின் அடியில் குறுக்காகக் கம்பியையோ கட்டையையோ பொருத்தி, சுற்றிலும் கான்கிரீட் வளையம் ஊற்றுகிறார்கள். மண்ணைப் போட்டு மூடுவதானாலும், அரையடிக்கு ஒருமுறை இடித்து இறுக்கி மூடுவதற்கும் எந்திரத்தால் ஒரே தடவையில் தள்ளிவிடுவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மண் உறையும் குளிர் நாடுகளில் குழி உறைபனி ஆழத்தையும் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் உறையும் மண் கம்பத்தைத் தூக்கிவிடும்.

அழுகலே வேண்டாம் என்று கம்பத்தைக் கான்கிரீட் தூணின் மேல் இரும்புப் பிடிப்பானில் நிறுத்துவதும் உண்டு. அதில் மரம் மண்ணைத் தொடாது. ஆனால் மண்ணில் புதைந்த கம்பம் பக்கக் காற்றை எதிர்த்து நிற்பதுபோல, சாதாரணப் பிடிப்பானில் நிற்கும் கம்பம் நிற்காது. அதனால் அதைத் தாங்கச் சாய்வுச் சட்டங்கள் வேண்டும், அவற்றுக்குத் தனிக் கணக்கும் வேண்டும். நான் அந்த முறையில் கட்டியதில்லை.

எல்லோரிடமும் நான்கு கேள்விகளைக் கேட்டேன். குழியில் பாறை வந்தால் என்ன செய்வீர்கள்? கம்பத்தின் எந்த முனை கீழே போகும்? அடியில் என்ன போடுவீர்கள்? மூடுவதற்கு முன் நான் பார்க்கலாமா? இரண்டு நிறுவனங்களின் விற்பனையாளர்கள், "எல்லாம் வரைபடத்தின்படிதான் நடக்கும்" என்று ஒன்றுபோலவே சொன்னார்கள். பாறைக்குத் தனிக் கட்டணம் என்ற ஒரு வரி இருவருடைய ஒப்பந்தத்திலும் இருந்தது. கட்டணம் உண்டு என்றார்களே தவிர, அந்தக் கட்டணத்துக்கு என்ன வேலை நடக்கும் என்று இருவராலும் சொல்ல முடியவில்லை.

தனி ஒப்பந்தக்காரர் கேள்விக்கு உடனே பதில் சொல்லவில்லை. இடத்தில் மூன்று மூலைகளில் கடப்பாரையை இறக்கிப் பார்த்துவிட்டு, "வடக்குப் பக்கத்தில் பாறை கிடைக்கும் சார், இரண்டு மூன்று குழியில் நிச்சயம். உடைக்க முடிந்தால் உடைப்போம். முடியாவிட்டால் பாறையில் துளை போட்டுக் கம்பியைச் சொருகி, குழியை அகலப்படுத்திக் கான்கிரீட் போட வேண்டும். அதற்குப் பொறியாளர் கையெழுத்து வேண்டும், நானாக முடிவு செய்ய மாட்டேன்" என்றார். நான் அவரை அமர்த்தியது அந்தக் கடைசி வாக்கியத்துக்காக.

கொட்டகை 30 அடி அகலம், 48 அடி நீளம்; எட்டடிக்கு ஒன்றாக நீளவாட்டில் பதினான்கும் முகப்புகளில் நான்குமாகப் பதினெட்டுக் கம்பங்கள். முதல் நாள் முழுவதும் நூல் கட்டுவதிலேயே போயிற்று. இரண்டு மூலைவிட்டங்களும் 56 அடி 7 அங்குலத்தை ஒட்டி ஒன்றாக வரும்வரை முளைகளைப் பிடுங்கிப் பிடுங்கி அடித்தார். கால் அங்குல வித்தியாசத்துக்காக ஒரு மூலையை மூன்று முறை மாற்றினார். மூலைகள் செங்கோணம் தவறினால் கூரைத் தகடு ஓரத்தில் மரக்கிளிபோலக் கோணிக்கொண்டு நிற்கும் என்பது அவர் வாதம். மரக்கிளி எங்கே கோணி நிற்கும் என்று எனக்கு விளங்கவில்லை, ஆனால் தகடு நேராகவே வந்தது. பதினெட்டுக் குழிகளில் மூன்றில் பாறை வந்தது. வேலையை இரண்டு நாள் நிறுத்தி, பொறியாளருக்குப் படம் அனுப்பி, பதில் வந்த பிறகே தொடர்ந்தார். கம்பங்களை முழு நீளத்தில் நட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே மட்டத்தில் குறி போட்டு, மேல் முனைகளைப் பிறகுதான் அறுத்தார்கள்.

அவரிடம் குறைகளும் இருந்தன, அவற்றை மறைக்க விரும்பவில்லை. ஆறு வாரத்தில் முடிப்பதாகச் சொன்ன வேலை பதினோரு வாரம் இழுத்தது. நடுவில் பத்து நாள் வேறொருவருடைய வேலைக்குப் போய்விட்டார், தொலைபேசியையும் எடுக்கவில்லை. வரைபடத்தைப் பொறியாளரிடம் நானே தனியாகப் பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது, அதைச் சேர்த்தால் விலையில் பெரிய மிச்சம் ஒன்றுமில்லை. அவர் ஒற்றை மனிதர். ஐந்து வருடம் கழித்துத் தொழிலை விட்டுவிட்டால் அவருடைய வாய்வார்த்தையும் அவரோடு போய்விடும். இவற்றைவிடப் பெரிய அபாயம் பணத்தில் இருக்கிறது. நாம் கொடுத்த பணத்தை அவர் மரக்கடைக்குக் கட்டாமல் விட்டால், கடைக்காரர் நம் சொத்தின் மீதே உரிமை கோரச் சட்டம் இடம்தரும் நாடுகள் உண்டு. அதனால் மரம், ட்ரஸ், தகடு மூன்றுக்கும் விற்றவரிடமே நேரடியாகப் பணம் கட்டி, ரசீதை என் பெயரில் வாங்கிக்கொண்டேன். அவருக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்தான்.

தொகுப்பை வாங்கி நாமே கட்டிக்கொள்ளும் வழியைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை. நண்பர் ஒருவர் கட்டியதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததோடு சரி. செலவில் நிச்சயமாக மிச்சம் பிடித்தார். ஆனால் ட்ரஸ் ஏற்றும் நாளில் வாடகைக்கு வந்த கிரேனும் ஆட்களும் இறக்கப்படாத சரக்குக்காக அரைநாள் காத்திருந்தார்கள். தகட்டில் குறை வந்தபோது, விற்றவர் பொருத்தியவர்கள் மேலும், பொருத்தியவர்கள் விற்றவர் மேலும் பழியைப் போட்டார்கள். குழியைத் தன் கண்ணால் பார்த்து மூடியவர் அவர் என்ற அளவில் இந்த வழி என் அளவுகோலில் தேறுகிறது. ஆனால் எது சரியான குழி என்று தெரிந்தவர் ஒருவராவது அங்கே இருந்தாக வேண்டும்.

தகட்டைப் பொறுத்தவரை மூன்று வழியிலும் ஒரே கதைதான். கேஜ் எண் குறையக் குறையத் தடிமன் கூடும் என்பதை நினைவில் வைத்து, விலைப்புள்ளியில் எண்ணை எழுதி வாங்கினால் போதும். தகட்டைவிடச் சீக்கிரம் கெடுவது திருகாணிகளின் ரப்பர் வாஷர். அதைச் சில வருடங்களுக்கு ஒருமுறை பார்த்து இறுக்குவதும் மாற்றுவதும் எந்த ஒப்பந்தத்திலும் வராது, அது நம் வேலை.

என் ஒப்பந்தக்காரருக்குப் பணத்தைத் தேதிக்குக் கொடுக்காமல் வேலைக்குக் கொடுத்தேன். கையெழுத்தின்போது கூலியில் பத்தில் ஒரு பங்கு; குழிகள் மூடப்படுவதற்கு முன், அளவு நாடாவை உள்ளே தொங்கவிட்டு ஒவ்வொன்றையும் படம் எடுத்து, அடித்தளத்தைப் பார்த்த பிறகு மூன்று பங்கு; கூரை ஏறியதும் ஐந்து; மீதி ஒரு பங்கு முதல் பெருமழைக்குப் பிறகு. குழிக்கு மூன்று பங்கா என்று அவர் முதலில் சிரித்தார். பிறகு அவராகவே, தச்சர் பென்சிலால் ஒவ்வொரு கம்பத்தின் உட்புறத்திலும் கண்மட்டத்தில் அதன் குழி ஆழத்தை எழுதிவைத்தார். பதினைந்து கம்பங்களில் நான்கடியும் சில அங்குலங்களும் என்று இருக்கிறது. வடக்கு வரிசையில் மூன்றில் "3 அடி, பாறை, கம்பி 4" என்று இருக்கிறது. முதல் மழையில் முகட்டுத் தகட்டின் ஓரம் இரண்டு இடத்தில் சொட்டியது. சொன்ன மறுநாள் வந்து ஏழு திருகாணிகளை மாற்றிவிட்டு, கடைசிப் பங்கை வாங்கிக்கொண்டு போனார்.