1,850 ரூபாய் "டமாஸ்கஸ்" கத்தி: கிடா உரிக்க இதை வாங்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வீட்டிலேயே கிடா உரிப்பவர்கள் கவனத்துக்கு. ஆடியில் கருப்பருக்குக் கிடா வெட்டு வருவதை ஒட்டி, "தோல் உரிக்கும் ஸ்பெஷல் கத்தி, கையால் அடித்த டமாஸ்கஸ்" என்று ஒரு கத்தி பொருட்காட்சிக் கடைகளிலும் ஆன்லைனிலும் விற்கப்படுகிறது. அலகு முழுக்க அலை அலையாகக் கோடு, மான்கொம்புப் பிடி, முதுகில் ஒரு கொக்கி, கூடவே தோல் உறை. நாங்கள் பங்காளிகள் சேர்ந்து 1,850 ரூபாய் கொடுத்து வாங்கிய அந்தக் கத்தியின் வாய் (வெட்டும் ஓரம்), முதல் கிடாவின் பின்னங்காலைக் கீறும்போதே மடங்கிவிட்டது. கல்லில் தீட்டி மறுபடி இறக்கினால், கழுத்துக்கு வருவதற்குள் மறுபடி மடங்கியது. பிடி ஆடத் தொடங்கியது. தோலில் ஐந்தாறு இடத்தில் ஓட்டை. விற்றவரிடம் கொண்டுபோனால், "ரத்தம் பட்ட சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம்ணே" என்பதுதான் பதில்.

இந்தக் கடைகளில் காட்டும் சோதனைகள் எல்லாம் கண்கட்டு வித்தை. அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

"காந்தத்தை வச்சுப் பாருங்கண்ணே, கப்புனு ஒட்டும். அசல் இரும்பு" என்பார்கள். பதம் போட்டு, அதாவது பழுக்கக் காய்ச்சி முக்கிக் கடினமாக்கி, வாய் கூர்மையாகும் இரும்பு எல்லாமே காந்தத்தில் ஒட்டும், மலிவான கத்தி ஸ்டெயின்லெஸ் உட்பட. நல்லதையும் கெட்டதையும் காந்தம் பிரித்துக் காட்டாது. அடுத்து செய்தித்தாளை நறுக்கிக் காட்டுவார்கள், கைமுடியை மழித்துக் காட்டுவார்கள். பதமே இல்லாத மெத்தென்ற தகட்டைக்கூட நன்றாகத் தீட்டினால் ஒருதரம் காகிதம் வெட்டும். தீட்டியபோது வாயின் நுனியில் நிற்கும் மெல்லிய பிசிறுதான் அங்கே வெட்டுகிறது. ஆட்டு மயிரிலும் அதில் ஒட்டியிருக்கும் மண்ணிலும் பட்டதும் அந்தப் பிசிறு சாய்ந்துவிடும்.

டமாஸ்கஸ் கோடு என்பது இரண்டு வகை உருக்கை மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் ஒட்டி அடித்து, அமிலத்தில் நனைத்தால் தெரிவது. அப்படிச் செய்த கத்தியில் கோடு அலகோடு நிற்காது, முதுகின் மேலும் ஓடும். நாங்கள் வாங்கியதில் முதுகு வழவழவென்று வெறுமையாக இருக்கிறது. 600 நம்பர் உப்புத்தாளை நனைத்து அலகில் நாலு இழுப்பு இழுத்ததும் கோடு மொத்தமும் போய்விட்டது. மேலே லேசரில் பொறித்த படம், அவ்வளவுதான். அசல் என்றால் தேய்த்த இடத்தில் மங்கும், அமிலம் பட்டால் திரும்ப வரும்.

மான்கொம்பு என்கிறார்களே, அதையும் யோசியுங்கள். அசல் மான்கொம்பு என்றால் அதை விற்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிளாஸ்டிக் என்றால் ஏமாற்று. இரண்டில் எதுவானாலும் அந்தக் கடையில் நிற்க வேண்டியதில்லை.

பிடியைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே கிடந்த காம்பு (பிடிக்குள் செருகியிருக்கும் அலகின் வால்) ஒரு சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, பென்சில் கனம். சுற்றிலும் பசை. கொழுப்பும் வெந்நீரும் பட்டதும் பசை விட்டுவிட்டது. இதுதான் ஆபத்தான குறை. வழுக்கும் கையோடு அழுத்தும்போது பிடி சுழன்றால் அலகு உங்கள் விரலுக்கு வரும்.

வீட்டில் ஆடு உரிக்க எந்தக் கத்தி வேண்டும் என்பது, ஆடு எப்படி உரிபடுகிறது என்பதைப் பொறுத்தது. கிடாவைப் பின்னங்காலில் தொங்கவிட்டபின் கத்திக்கு உள்ள வேலை கொஞ்சம்தான். பின்னங்கால் கணுவில் வட்டமாக ஒரு கீறல். அங்கிருந்து தொடையின் உட்பக்கமாக இறங்கி, இரண்டு கீறலும் கவட்டில் சேரும். பிறகு வயிற்றின் நடுக்கோட்டில் நெஞ்சு வரைக்கும், நெஞ்சிலிருந்து முன்னங்கால்களுக்கு. இந்தக் கீறல்களைப் போடும்போது முனையைத் தோலுக்கு அடியில் நுழைத்து, வாய் வெளிப்பக்கம் பார்க்க, உள்ளிருந்து வெளியே வெட்ட வேண்டும். மேலிருந்து மயிரோடு சேர்த்து அழுத்தினால் கத்தியும் மழுங்கும், மயிர் கறியிலும் ஒட்டும், வயிற்றில் குடலும் ஓட்டையாகும். கீறல் முடிந்தபின் விலா, முதுகு, தொடை எல்லாம் கைமுட்டியின் வேலை. ஒரு கை தோலை இழுத்துப் பிடிக்க, மறு கையின் முட்டி தோலுக்கும் ஜவ்வுக்கும் நடுவே இடித்துக்கொண்டு போகும். ஆடு சூடாக இருக்கும்போதே செய்தால் சட்டை கழற்றுவதுபோல வந்துவிடும். வால் அடி, முன்னங்கால் மடிப்பு, கழுத்து, இப்படி ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்களுக்குத்தான் மறுபடி கத்தி வேண்டும்.

ஆகவே கத்திக்கு நீளம் தேவையில்லை. அலகு 4 முதல் 5 அங்குலம் போதும். ஆறு அங்குலம் கறிக்கடைக்காரர்களுக்கு, பழகிய கைக்கு. வாய் நேர்க்கோடாக இல்லாமல், முனைக்கு அருகில் நன்றாக வளைந்து மேலே ஏற வேண்டும். அந்த வளைந்த பகுதிதான் தோலை வருடிப் பிரிக்கிறது. முனை ஊசிபோல் இருந்தால் தோலில் ஓட்டை விழும், சற்று மழுங்கிய வளைவாக இருப்பதே நல்லது. முதுகுக் கனம் 2 முதல் 3 மில்லிமீட்டர். எங்களுக்கு விற்கப்பட்டது 5 மில்லிமீட்டர். "கனமா இருந்தாத்தான் உறுதி" என்று சொல்லித் தலையில் கட்டினார்கள். அந்தக் கனம் தோலுக்கும் ஜவ்வுக்கும் நடுவே நுழையவே நுழையாது. எலும்பைத் தறிக்கத் தனியாக வெட்டுக்கத்தி இருக்கிறது, உரிக்கும் கத்தியால் அந்த வேலையைச் செய்யக் கூடாது.

முதுகில் உள்ள கொக்கி வயிற்றுத் தோலைக் கிழிக்க என்கிறார்கள். வெள்ளாட்டில் மயிரும் கொழுப்பும் இரண்டு இழுப்பில் அதை அடைத்துவிடும். மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்ட முடியாது, மெல்லிய வட்ட அரம் வேண்டும். கத்தியைத் தோலுக்கு அடியில் திருப்பும்போது ஜவ்வில் மாட்டி இழுக்கும் என்பது இன்னொரு தொல்லை. கொக்கி இல்லாததையே வாங்குங்கள்.

குறைந்த விலையில் நல்ல கத்திக்கு இங்கே வழி இருக்கிறது. அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி நம் சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கேயோ உங்கள் ஊர்க் கொல்லர் பட்டறையிலோ சொல்லிச் செய்யலாம். ஆனால் "ஒரு கத்தி அடிங்க" என்று மட்டும் சொன்னால் கறி வெட்டுகிற கனத்தில் ஒன்று வரும். அட்டையில் அளவாக வரைந்து வெட்டிக் கொண்டுபோங்கள். பழைய லாரி வில் பட்டையில் அடிக்கச் சொல்லுங்கள், அந்த உருக்கு பதம் நன்றாக ஏறும். முதுகு 2.5 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். காம்பு பிடியின் கடைசி வரை ஓட வேண்டும், குறைந்தது இரண்டு ஆணி அடித்திருக்க வேண்டும். எங்களிடம் பிடுங்கிய காசில் பாதிகூட ஆகாது. ஒரே குறை, துருப்பிடிக்கும். கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். ஈர உறைக்குள் செருகி வைத்தால் ஒரே இரவில் புள்ளி விழும்.

பவர் ஆக்சா (இரும்பு அறுக்கும் இயந்திர வாள்) பிளேடில் செய்த கத்தியும் கிடைக்கிறது. பழைய பிளேடு முழுக்க ஒரே கடின உருக்கு, கூர்மை நெடுநேரம் நிற்கும், ஆனால் கீழே விழுந்தால் உடையும். இப்போது வரும் பைமெட்டல் பிளேடில் பல் ஓரம் மட்டும்தான் கடினம். பல்லைத் தேய்த்துவிட்டுச் செய்தால் மிஞ்சுவது மெத்தென்ற தகடு. எந்தப் பிளேடு என்று கேட்டு வாங்குங்கள்.

பட்டறையே வேண்டாம் என்பவர்கள், கறிக்கடைக்காரர்கள் வாங்கும் சொரசொரப்பான பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்டெயின்லெஸ் கத்தியைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் விக்டோரிநாக்ஸ், ஸ்வீடனின் மோரா ஆகியவை இந்த வேலைக்குத் தெரிந்த பெயர்கள். பார்வைக்கு ஒன்றும் இருக்காது, வேலை நடக்கும். மரப்பிடியைவிட இது கழுவவும் சுலபம், இடுக்கில் கொழுப்பு தங்கி நாறாது. எந்தக் கம்பெனியானாலும் ராக்வெல் கடினம் (உருக்கு எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்) 55 முதல் 58 என்று எழுதியிருந்தால் வீட்டுக்குச் சரி. 52க்குக் கீழே என்றால் வாய் மடங்கிக்கொண்டே இருக்கும், 60ஐத் தாண்டினால் எலும்பில் பட்டுச் சில்லு தெறிக்கும், வீட்டுக் கல்லில் தீட்டவும் பாடுபடுத்தும்.

பதம் சரியா என்று பார்க்கக் கடையிலேயே ஒரு வழி உண்டு. கால் அங்குலப் பித்தளைக் கம்பி ஒன்று கொண்டுபோங்கள். கத்தியின் வாயைக் கம்பியின் மேல் சாய்த்து மெதுவாக அழுத்தி இழுக்கும்போது, வாயின் நுனி லேசாக வளைந்து கொடுக்கும். விட்டதும் நேரானால் பதம் சரி. வளைந்தபடி நின்றால் பதம் இல்லை. சில்லு விழுந்தால் பதம் மிஞ்சிவிட்டது. வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காத வியாபாரியிடம் வாங்க வேண்டாம்.

நல்ல கத்தியையும் கெடுப்பது ஒன்று உண்டு: காய்ந்த சாணைச் சக்கரம். தெருவில் வருபவரிடம் கொடுத்தால் தீப்பொறி பறக்கத் தேய்ப்பார். பட்டறைக் கத்தியின் வாய் ஓரம் நீலமாக மாறினால், அங்கே சூடு 300 டிகிரியை எட்டி பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நீல ஓரம் முழுக்கத் தேய்ந்து போகும்வரை கூர்மை நிற்காது. நாலு தேய்ப்புக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே ஒருபக்கம் 400 நம்பர் சொரசொரப்பும், மறுபக்கம் 1000 நம்பர் நைசும் உள்ள தண்ணீர்க் கல்லில் தீட்டுவது இன்னும் மேல். இரண்டரை சென்டிமீட்டர் அகல அலகுக்கு, முதுகைக் கல்லிலிருந்து 8 மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்தால் ஏறக்குறைய 20 டிகிரி சாய்வு கிடைக்கும். உரிக்கும்போது நடுநடுவே கத்தி தீட்டும் ஸ்டீல் கம்பியில் இரண்டு பக்கமும் நாலைந்து வருடல் போதும்.

மோசமான கத்தியால் தோல் பாழாவதும் காசு நட்டம்தான். உட்பக்கம் கீறலும் ஓட்டையும் விழுந்த தோலைத் தோல் வியாபாரி கழித்துவிடுவார், பறைக்கும் உதவாது. முழுசாக வந்த தோலுக்கு மூன்று நான்கு மணி நேரத்துக்குள் உட்பக்கம் கல்லுப்பு தேய்த்துவிடுங்கள், 2 கிலோ தோலுக்கு முக்கால் கிலோ. வெயிலில் போடாமல் நிழலில் விரித்து வையுங்கள்.

இந்தக் கத்தியை ஏற்கனவே வாங்கியவர்கள் தயவுசெய்து அதைத் தூக்கி எறிய வேண்டாம், திருப்பித் தீட்டவும் வேண்டாம். மடங்கிய வாய், கோடில்லாத முதுகு, ஆடும் பிடி மூன்றையும் படம் எடுங்கள். பில், பெட்டி, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பெட்டியின் மேல் தயாரிப்பாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை இல்லை என்றால் அதுவே தனிக் குற்றம், அதையும் படம் எடுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் முடிவு தர வேண்டும். அதிலும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். "ரத்தம் பட்டது" என்று மறுப்பவரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: தோல் உரிக்கும் கத்தி என்று பில்லில் எழுதிக் கொடுத்தது யார்? இனி எந்தக் கத்தி வாங்கினாலும், பில்லில் அந்த வார்த்தை இல்லாவிட்டால், பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்குங்கள்.