குன்மிங்கில் வாங்கிய ‘பழைய’ பச்சைப் பு-அர் தேயிலை: ஓர் எச்சரிக்கை

சீனாவின் யுன்னான் மாகாணத் தலைநகரான குன்மிங்கில், தேயிலைச் சந்தைக் கடையொன்றில் சென்ற ஆண்டு நான் ஏமாந்தேன். பச்சைப் பு-அர் என்பது, விரைவாக நொதிக்கவைக்காமல் வட்டமான வில்லையாக அழுத்தி, ஆண்டுக்கணக்கில் தானே முதிரவிடும் யுன்னான் தேயிலை. அதை வாங்க எண்ணுவோர் நான் ஏமாந்த விதத்தை அறிந்திருக்க வேண்டும்.

லாவோ பான்சாங் மலைக்கிராமத்து இலையில் 2003ஆம் ஆண்டு செய்தது என்று கூறி, மேசை மேல் பிரித்து வைத்திருந்த வில்லையிலிருந்து கடைக்காரர் எனக்கு வடித்துக் கொடுத்தார். முதல் மிடற்றில் அழுத்தமான கசப்பு. அது அடங்கியதும், நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தாற்போல் தொண்டையிலிருந்து இனிப்பு ஊறியது. சீனர்கள் ‘ஹுய்கான்’ என்று போற்றும் அந்த இனிப்பில் மயங்கி, அவர் பின்னலமாரியிலிருந்து எடுத்துத் தந்த, உறை பிரிக்காத 357 கிராம் வில்லைக்குப் பணம் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் 7 கிராம் இலையை 100 மில்லி மூடிக்கிண்ணத்தில் இட்டு, கொதிநீரில் ஒருமுறை அலசி, பத்து விநாடிக்கு ஒரு வடிப்பாக எடுத்தேன். சாறு கருஞ்சிவப்பாக இறங்கி, ஈரக் கிடங்கின் வாடை அடித்தது. கசப்பும் இல்லை, பின்னூறும் இனிப்பும் இல்லை. நல்ல பச்சைப் பு-அர் பத்து வடிப்புக்கு மேலும் தாங்கும். இது நான்காவதிலேயே வெளிறியது. என் கைப்பக்குவத்தில்தான் பிழை என்றெண்ணி, நீரின் சூட்டையும் ஊறும் நேரத்தையும் மாற்றி மாற்றி இரண்டு நாள் முயன்றேன்.

பிறகுதான் ஊறிய இலைகளைத் தட்டில் பரப்பினேன். முதிர்ந்த பச்சைப் பு-அரின் இலை பழுப்பேறினாலும் விரித்தால் துவளும். இதில் பாதி, கரிபோல் கறுத்து விரலில் நொறுங்கியது. மீதி, இளம்பச்சை மாறாத புதிய இலை. குவித்து நனைத்து விரைவாக நொதிக்கவைக்கும் ‘ஷோ’ வகை இலையைப் புதிய இலையோடு கலந்து அழுத்தியிருக்கிறார்கள் என்பதே என் முடிவு. ஷோ முறை 1970களில்தான் உருவானது. அதன் நிறம் பல்லாண்டு முதிர்ச்சியை ஒத்திருப்பதால் இந்த மோசடிக்கு வசதியாகிறது.

கேட்டபோது, சேமிப்பின் ஈரத்தால் சுவை மாறியிருக்கும் என்று கடைக்காரர் பதில் அனுப்பினார். ஈரம் வாடையையும் கருமையையும் தரும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே வில்லையில் கரியையும் பச்சையையும் அருகருகே வைக்காது. உறையில் அச்சிட்ட ஆண்டும், வில்லைக்குள் பதித்த சிறு சீட்டும் எதற்கும் சான்றல்ல. அவற்றை யாரும் அச்சடிக்கலாம். ஆகவே நீங்கள் பணம் கொடுக்கப்போகும் அதே வில்லையைப் பிரித்து, அதன் நடுப்பகுதியிலிருந்து பெயர்த்து, ஏழெட்டு வடிப்பு வரை உங்கள் முன்னிலையில் எடுக்கச் சொல்லுங்கள். ஊறிய இலையைக் கையில் வாங்கிப் பாருங்கள். இலைகளின் படத்தை அனுப்பிய பின் அக்கடையிலிருந்து எனக்கு மறுமொழியும் வரவில்லை, பணமும் வரவில்லை.