தாத்தாவுக்குப் பேரன் சாயல்: டிஸ்னிலேண்டின் பழைய சவாரிகளில் சினிமாப் பாத்திரங்கள்

பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பது எங்கள் செட்டிநாட்டு வழக்கம். கலிபோர்னியாவின் அனாஹைம் நகரில் உள்ள டிஸ்னிலேண்டில் இதைத் தலைகீழாக்கி, பேரனின் சாயலைத் தாத்தாவுக்குப் பூசியிருக்கிறார்கள். 1967 மார்ச்சில் திறக்கப்பட்ட 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' என்ற படகுச் சவாரியிலிருந்துதான் 2003இல் அதே பெயரில் திரைப்படம் பிறந்தது. படம் பெருவெற்றி பெற்றதும், அதன் நாயகன் ஜாக் ஸ்பாரோவின் உருவத்தை 2006இல் சவாரிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். படத்தைப் பார்த்துத்தான் சவாரியைக் கட்டினார்கள் என்று இன்றைய பிள்ளைகள் நம்புகிறார்கள். ஆறு வயதுப் பேத்தியும் அப்படித்தான் எனக்கு விளக்கினாள்.

சென்ற செப்டம்பரில் நானும் மனைவியும் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, குடும்பமாக இரண்டு நாள்களை அங்கே கழித்தோம். காரைக்குடிக்குத் திரும்பியது முதல், பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் உறவினர்கள் கல்யாண வீடுகளில் என்னைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அங்கே எதில் ஏறலாம், எதை விட்டுவிடலாம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுவது இது. பூங்கா முழுவதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. பழைய சவாரிகளுள் சினிமாப் பாத்திரங்கள் பின்னாளில் குடியேறியவற்றைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். நூறு ஆண்டு கடந்த வீடொன்றில் பங்கு உள்ளவன் என்பதால், ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்று பங்காளிகளோடு வாதாடிப் பழகிய கண் எனக்கு. அது அங்கேயும் சும்மா இருக்கவில்லை.

முதலில் அந்தக் கடற்கொள்ளையர் சவாரி. வால்ட் டிஸ்னி நேரில் இருந்து மேற்பார்வையிட்ட கடைசிப் பெரிய சவாரி இதுவே. திறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 1966 டிசம்பரில், அவர் காலமானார். படகு, கரையோர உணவகத்தின் மங்கிய விளக்குகளைக் கடந்து இருட்டுக்குள் நுழைந்து, இரண்டு சிறிய அருவிகளில் சரிந்து இறங்கி, எலும்புக்கூடுகள் காவல் காக்கும் புதையலையும், பீரங்கிச் சண்டையையும், தீப்பற்றி எரியும் துறைமுக நகரத்தையும் காட்டிக்கொண்டு கால் மணி நேரம் போகிறது. மூல வடிவத்தில் நாயகன் என்று எவரும் கிடையாது. சாவிக்கொத்தைக் கவ்விக்கொண்டு நிற்கும் நாயைச் சிறைக்கம்பிகளுக்குப் பின்னாலிருந்து கெஞ்சி அழைக்கும் கைதிகளைப் போல, ஒவ்வொரு மூலையிலும் ஒரு சிறு கூத்து நடக்கும். எதைப் பார்ப்பது என்பது நம் விருப்பம். இப்போது ஜாக் ஸ்பாரோ மூன்று இடங்களில் தலைகாட்டுகிறார். உருவம் அசல் ஆள் போலவே இருக்கிறது, வேலைப்பாட்டில் குறையில்லை. ஆனால் அவர் பீப்பாயிலிருந்து எட்டிப் பார்த்தவுடன் படகில் இருந்த அத்தனை பேரும் கைப்பேசியை அந்தப் பக்கம் திருப்பினார்கள். எதிர்ப்பக்கத்துக் காட்சிகள் கேட்பாரற்றுப் போயின. பெண்களை மணப்பெண்களாக ஏலம் விடும் பழைய காட்சியை 2018இல் மாற்றி, அந்தச் சிவப்புத் தலைமுடிப் பெண்ணையே கொள்ளைக்காரியாக்கி, ஊராரின் உடைமைகளை ஏலத்தில் வைத்தது வேறு விஷயம். அந்த மாற்றம் எனக்கு முழுச் சம்மதம். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பழைய காட்சியைப் பார்த்திருக்க முடியாது.

அடுத்தது 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்'. இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் யுனிசெஃப் அமைப்புக்காக உருவாகி, 1966இல் அனாஹைமுக்கு வந்த சவாரி இது. நாடு நாடாகப் படகு போக, அந்தந்த நாட்டு உடையில் நூற்றுக்கணக்கான குழந்தைப் பொம்மைகள் ஒரே பாட்டைப் பாடுகின்றன. உடைதான் வேறு, முகம் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதில்தான் சவாரியின் கருத்தே அடங்கியிருக்கிறது. இதன் வண்ணங்களும் வடிவங்களும் மேரி பிளேர் என்ற ஓவியரின் கற்பனை. 1978இல் அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் கழித்து, அலாவுதீன், ஆலிஸ், ஸ்டிச் என்று இருபதுக்கும் மேற்பட்ட படப் பாத்திரங்களை இதற்குள் சேர்க்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது அவருடைய குடும்பத்தார் வெளிப்படையாக எதிர்த்தனர். 2009இல் சவாரி அந்த மாற்றத்தோடுதான் மீண்டும் திறந்தது.

குடும்பத்தார் பக்கமே நியாயம் என்று முடிவு செய்துகொண்டுதான் நான் படகில் ஏறினேன். இறங்கும்போது அந்த உறுதி பாதி கரைந்திருந்தது. சேர்த்த பாத்திரங்களுக்குப் படத்தில் உள்ள முகத்தைக் கொடுக்காமல், மற்றப் பொம்மைகளின் முகத்தையே, அதே கண்ணையும் கன்னத்தையும், கொடுத்திருக்கிறார்கள். அவரவர் படத்துப் பாட்டின் மெட்டை மூலப் பாட்டின் இடையிழையாக மெல்லப் பின்னியிருக்கிறார்கள். தேடினால்தான் கண்ணுக்குப் படுகிறார்கள். கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ பெரிய வீட்டு முகப்பை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கஜலட்சுமிக்குச் சற்றுத் தள்ளி, துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவர் சுதையில் நிற்பார். அவருக்கும் அந்த வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆயினும் அதே சுண்ணாம்பில், அதே கொத்தனாரின் கையால், அதே அளவில் வந்ததால் அவரை யாரும் அந்நியராக நினைப்பதில்லை.

ஆனால் என் சமாதானத்தைப் பேத்தியே குலைத்துவிட்டாள். அவள் அந்தப் படகுப் பயணத்தை வேட்டையாக்கிக்கொண்டாள். "ஐயா, அதோ ஸ்டிச்!" என்று கத்துவாள், அடுத்த தெரிந்த முகம் வரும்வரை நடுவில் எத்தனை நாடுகள் கடந்தாலும் அவள் கண்ணில் படாது. டிசம்பரில் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தவள், எங்கள் முகப்புச் சிப்பாயைப் பார்த்துவிட்டு, "இவர் எந்தப் படத்தில் வருகிறார், ஐயா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அதே புதுப்பித்தலில் மழைக்காட்டுப் பகுதியை எடுத்துவிட்டு அமெரிக்காவுக்கென்று தனிக் காட்சி அமைத்திருக்கிறார்கள், பாத்திரங்களை நுழைத்ததைக் காட்டிலும் இதுவே எனக்கு உறுத்தலாக இருந்தது.

1969இல் திறந்த 'ஹாண்டட் மேன்ஷன்' என்னும் பேய் மாளிகையில் கையாண்டிருக்கும் முறை வேறு. 2001 முதல் ஆண்டுதோறும் கோடை முடிவிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை, 1993இல் வந்த ஒரு பொம்மைப் படத்தின் எலும்புக்கூட்டு நாயகன் ஜாக் ஸ்கெல்லிங்டன் மாளிகையை ஆக்கிரமிக்கிறார். பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறார்கள். கல்யாணத்துக்குப் போட்ட பந்தலைப் போல, தூணுக்கும் தரைக்கும் சேதமில்லாமல் வந்து போகும் அலங்காரம். விருந்துக்கூடத்து மேசையின் நடுவில் ஆண்டுக்கொரு புதிய வடிவத்தில் இஞ்சி ரொட்டியால் செய்த வீட்டை வைக்கிறார்கள்; அதன் மணம் நாம் அமர்ந்து போகும் வண்டி வரை வருகிறது. குறை ஒன்றே: அந்த மாதங்களில் போகிறவர்களுக்கு மூல மாளிகை கிடைக்காது. எங்களுக்கும் கிடைக்கவில்லை. அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் மே, ஜூன் மாதங்களில் பயணம் வைத்துக்கொள்வது நல்லது.

நீர்மூழ்கிக் கப்பல் சவாரி 1959இல் தொடங்கி 1998இல் மூடப்பட்டு, 2007இல் நீமோ மீனின் கதையோடு திரும்பியது. பூட்டிக் கிடந்த வீட்டில் விளக்கேற்ற ஆள் வந்த மாதிரி என்று நான் எடுத்துக்கொண்டேன். குறை சொல்ல மனம் வரவில்லை. குறுகிய சுழல் படியில் இறங்க வேண்டும் என்பதை மட்டும் மூட்டுவலிக்காரர்கள் கவனிக்கவும்.

'ஸ்பிளாஷ் மவுண்டன்' கதை இவற்றையெல்லாம் போன்றதன்று. 1989இல் திறந்த அது, கறுப்பின மக்களைச் சித்திரித்த விதத்துக்காகக் கடும் கண்டனத்துக்கு உள்ளான 1946ஆம் ஆண்டுப் படமொன்றின் விலங்குக் கதைகளைக் கொண்டிருந்தது. அதாவது, அங்கே சினிமா தொடக்கத்திலிருந்தே இருந்தது, ஆளைத்தான் மாற்றினார்கள். 2023இல் மூடி, 2024 நவம்பரில் 'டியானாஸ் பேயு அட்வென்ச்சர்' என்று திறந்தார்கள். டியானா, 2009ஆம் ஆண்டுப் படத்தில் வந்த, டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி. ஓடும் பாதையும், ஏறத்தாழ ஐம்பது அடிச் சரிவும் பழையனவே. மாற்ற வேண்டியதை மாற்றினார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. உருவங்களின் அசைவும் நியூ ஆர்லியன்ஸ் இசையும் அருமை. ஆனால் விருந்துக்குப் பாட்டுக்காரர்களைத் தேடிப் போவதுதான் கதை என்றால், அந்தச் சரிவில் விழுவதற்கு ஒரு காரணம் வேண்டாமா? வில்லன் இல்லை, ஆபத்து இல்லை. திடீரென்று விழுகிறோம், நனைகிறோம். குறைந்தது 40 அங்குல உயரம் வேண்டும் என்பது விதி. மாற்றுச்சட்டை கொண்டுபோகாதது என் தவறு.

பக்கத்துப் பூங்காவில் 2004இல் கட்டிய உயரக் கோபுரம், 2017இல் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' படத்துக்கு மாறிவிட்டது. லிப்ட் அறுந்து விழும் அனுபவத்தை மகளுக்கும் மருமகனுக்கும் விட்டுவிட்டு நான் கீழே அமர்ந்திருந்தேன். பழையதே உயர்ந்தது என்று அங்கலாய்ப்பவர்கள், அதுவும் ஒரு தொலைக்காட்சித் தொடரை வைத்துக் கட்டியதுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

போட்டதை எடுக்கவும் முடியும் என்பதற்கு அதே நிறுவனத்திடம் சான்று உண்டு. 1962இல் ஒரு குடும்பக் கதைக்காக அமைத்த மர வீட்டை 1999இல் டார்ஜானுக்குக் கொடுத்தார்கள். 2023இல் பழைய கதையின் சாயலோடு திருப்பி எடுத்துக்கொண்டார்கள். புளோரிடாப் பூங்காவின் பாடும் பறவைக் கூடத்தில் 1998இல் இரண்டு படப் பறவைகளைப் புகுத்தினார்கள். 2011இல் அங்கே தீப்பிடித்த பிறகு, மீண்டும் திறந்தபோது அவற்றை விட்டுவிட்டுப் பழைய நிகழ்ச்சியையே வைத்தார்கள்.

அதன் மூத்த கூடமான 'என்சான்டட் டிக்கி ரூம்', 1963இல் தொடங்கியது, அனாஹைமில்தான் இருக்கிறது. படப் பாத்திரம் எதுவும் அங்கே இல்லை. கிளிகள் பேசுகின்றன, பூக்கள் பாடுகின்றன, கூரைக்கு மேல் மழை கொட்டுகிறது. இரண்டாம் நாள் மாலை, பிள்ளைகள் வேறு வரிசையில் நின்றபோது, நானும் மனைவியும் அங்கே அடுத்தடுத்து இரண்டு முறை உட்கார்ந்திருந்தோம். வாசலுக்கு அருகில் அன்னாசி ஐஸ் விற்கிறார்கள்; வரிசை நீளமாக இருந்தாலும் நின்று வாங்கலாம்.