ஈஸ்டன் ஆக்சிஸ் 5 மி.மீ. அம்புத்தண்டும் அதற்குப் பொருந்தும் வேட்டை முனைகளும்

அமெரிக்காவில் வில்வேட்டைக்கான கார்பன் அம்புத்தண்டுகள் இன்று பெரும்பாலும் மூன்று பருமன்களில் விற்கப்படுகின்றன. உள்விட்டம் 0.246 அங்குலம் உள்ளது வழக்கமான தண்டு. 0.204 அங்குலம் உள்ளதை 5 மி.மீ. என்றும், 0.166 அங்குலம் உள்ளதை 4 மி.மீ. என்றும் கடைகளில் கேட்டு வாங்குகிறோம். பென்சில்வேனியாவின் ஓக் காடுகளில் வெண்வால் மானுக்காக வில் எடுப்பவன் என்ற முறையில், நடுப்பருமனில் நான் பல பருவங்களாகப் பயன்படுத்திவரும் ஈஸ்டன் நிறுவனத்தின் ஆக்சிஸ் தண்டையும், அதில் பூட்டிப் பார்த்த வேட்டை முனைகளையும் இங்கே மதிப்பிடுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருப்பதால், உரிமம் பெற்று வேட்டையாட இடமுள்ள நாடுகளில் வாழ்பவர்களுக்கே இந்த மதிப்பீடு பயன்படும். மெல்லிய தண்டு வேண்டும், ஆனால் அதன் பொருட்டுத் தனிவகை இணைப்புகளைத் தேடி அலைய முடியாது என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டு இல்லை என்பது என் முடிவு.

அந்த முடிவுக்கு முதற்காரணம் முனையும் தண்டும் சேரும் இடம். சந்தையிலுள்ள வேட்டை முனைகள் ஏறக்குறைய எல்லாமே 8-32 என்ற ஒரே மரையளவில் வருகின்றன. மரைக்கும் முனையின் உடலுக்கும் நடுவே மரையில்லாத சிறு உருளைக் கழுத்து ஒன்று இருக்கும், அது 0.204 அங்குலத் துளைக்குள் அசைவில்லாமல் இறங்கி நிற்கும் பருமன் கொண்டது. ஆக்சிஸ் தண்டில் ஹிட் எனப்படும் இன்சர்ட் (முனையை மரையிட்டுப் பூட்ட உதவும் உள்மரைக் குழல்), விளிம்பு ஏதும் வெளியே தெரியாதபடி துளைக்குள் முழுமையாகத் தள்ளி ஒட்டப்படுவதால், முனையின் கழுத்து நேராகக் கார்பன் சுவரிலேயே அமர்ந்துகொள்கிறது. இடையில் வேறோர் உலோகப் பாகம் இல்லாததால், முனை தண்டின் அச்சிலிருந்து விலக வாய்ப்புக் குறைவு. பயிற்சி முனை மிகச் சிறிதளவு கோணலாக இருந்தாலும் அம்பு ஏறத்தாழ நேராகவே போய்விடும். அலகுகள் கொண்ட வேட்டை முனை அதே அளவு கோணலாக இருந்தால், அந்த அலகுகளே காற்றைப் பிடித்து அம்பைத் திசை திருப்பிவிடும். ஆகவே இந்த இணைப்பின் நேர்த்தியை நான் தண்டின் வேறெந்தச் சிறப்பையும்விட மேலாக மதிக்கிறேன்.

4 மி.மீ. தண்டின் துளைக்குள் அந்தக் கழுத்து நுழையாது. பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நிற்கும் ஹாஃப்-அவுட் அல்லது தண்டின் மேல் கவியும் அவுட்சர்ட் வழியாகத்தான் 8-32 முனையைப் பூட்ட முடியும். ஈஸ்டனே இதற்காக டீப் சிக்ஸ் என்ற சிறிய மரையளவைக் கொண்டுவந்தது; அது பரவாததால், அதற்குரிய முனைகளைக் கடையில் காண்பது இப்போது அரிது. எஃகிலோ டைட்டானியத்திலோ துல்லியமாகக் கடைந்த அவுட்சர்ட்டுகள் நன்றாகவே பயன்படுகின்றன என்பதை மறுக்கவில்லை. காற்று ஓயாத மேற்கு மாநிலத் திறந்தவெளிகளில் நெடுந்தூரம் எய்பவருக்கு 4 மி.மீ. தண்டு அந்தக் கூடுதல் செலவுக்குத் தகுந்த பயனைத் தரக்கூடும். மரத்தின் மேல் அமர்ந்து 20 கஜத் தொலைவில் எய்பவருக்கு அது தேவையில்லை.

மெல்லிய தண்டு உண்மையில் எதைத் தருகிறது என்பதில் விளம்பரங்கள் கொஞ்சம் மிகையாகவே பேசுகின்றன. பக்கவாட்டுப் பரப்பு குறைவதால் காற்று அம்பைத் தள்ளுவது குறையும் என்பது உண்மை. முனை வெட்டிய வழியில் தண்டு உரசும் பரப்பு குறைவதால் அம்பு சற்று ஆழமாகப் போகும் என்பதும் உண்மை. ஆனால் மழுங்கிய அலகும் தள்ளாடிப் பறக்கும் அம்பும் இந்த இரண்டு ஆதாயங்களையும் ஒரே நொடியில் விழுங்கிவிடும். என் பார்வையில் மெல்லிய தண்டின் பெரிய பயன் அதன் சுவரில் இருக்கிறது. குழாயின் விட்டம் குறையக் குறைய அதன் விறைப்பு விரைவாகக் குறையும். இழந்த விறைப்பை மீட்க, சுவரைத் தடிமனாக்க வேண்டியிருக்கிறது. அதனால் 5 மி.மீ. தண்டு இயல்பாகவே கனமும் உறுதியும் கூடியதாக அமைகிறது. வேட்டைக்கு இந்தக் கனம் நல்லது.

ஆக்சிஸ் தண்டில் நான் பயன்படுத்துவது 340 ஸ்பைன். தண்டை 28 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் அது 0.340 அங்குலம் வளையும் என்பதே அந்த எண் சொல்லும் செய்தி. எண் சிறிதாக இருந்தால் தண்டு விறைப்பானது. இந்தத் தண்டு அங்குலத்துக்கு 9.5 கிரெயின் எடையுள்ளது. ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். 28.5 அங்குலத்துக்கு வெட்டிய தண்டு சுமார் 271, அலுமினிய இன்சர்ட் 16, முனை 100, மூன்று இறகுகள் 18, நாணைக் கவ்வும் நாக் 9 என்று கூட்டினால் அம்பு 414 கிரெயினுக்கு வருகிறது. 60 முதல் 65 பவுண்டு வரை இழுவிசையுள்ள வில்லில் வெண்வால் மானுக்கு இது போதுமானது. அலுமினியத்துக்குப் பதில் 50 கிரெயின் பித்தளை இன்சர்ட் வைத்தால் அம்பு 448 கிரெயினாகும், முன்பாரமும் கூடும். ஆனால் முன்னால் எடை ஏறினால் எய்யும்போது தண்டு கூடுதலாக வளையும் என்பதால், 65 பவுண்டை நெருங்குபவர்கள் அப்போது 300 ஸ்பைனுக்கு மாறுவதுதான் சரி.

இதே உள்விட்டத்தில் ஈஸ்டன் தரும் இன்னொரு தண்டு ஃபுல் மெட்டல் ஜாக்கெட். கார்பன் உட்கருவின் மேல் அலுமினிய உறை போர்த்திய அந்தத் தண்டு 340 ஸ்பைனில் அங்குலத்துக்கு 11.3 கிரெயின், மேலே சொன்ன கணக்கில் ஏறத்தாழ 51 கிரெயின் கூடும். பயிற்சி இலக்கிலிருந்து அது மிக எளிதாக உருவ வரும். எனினும் கல்லிலோ மரத்திலோ மோதினால் அந்த அலுமினிய உறை கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்து நின்றுவிடுகிறது. கார்பன் தண்டு வளைந்து நிற்பதில்லை. நேராக இருக்கும், இல்லையேல் உடைந்திருக்கும். இந்தத் தெளிவுக்காகவே நான் ஆக்சிஸைத் தேர்ந்தேன்.

ஆக்சிஸுக்குக் குறைகளும் உண்டு. இன்சர்ட் உள்ளே இறங்கியிருப்பதால் தண்டின் வாய் மூடாக்கு இல்லாமல் நிற்கிறது. எலும்பில் நேராக மோதும்போது அந்த விளிம்பு பிளக்கக்கூடும். வாயைச் சுற்றி அணியும் சிறிய உலோக வளையம் இதைப் பெருமளவு தடுக்கும். அடுத்தது, இருகூறு எப்பாக்சியால் ஒட்டிய இன்சர்ட்டைப் பிறகு மாற்றுவது மிகவும் கடினம் என்பதால், எடையை முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். சூடாக்கி எடுக்க முயன்றால் கார்பனைப் பிணைக்கும் பிசின் கெட்டுவிடும். ஒட்டுவதற்கு முன் தண்டை வெட்டிய முனையைச் செங்கோணமாகத் தேய்த்து, உட்புறத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால், பஞ்சில் கரிப்பொடி ஒட்டாத வரை துடைக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இதை அனுபவமுள்ள வில்கடையில் கொடுத்துச் செய்வித்துக்கொள்ளலாம்.

இனி முனைகள். பென்சில்வேனியாவில் முனையின் வெட்டகலம் குறைந்தது 7/8 அங்குலம் இருக்க வேண்டும் என்பது விதி. நான் பேசப்போகும் எல்லாமே அதைத் தாண்டியவை. ஒரே எஃகுத் துண்டாக வரும் ஜி5 மான்டெக் மூன்று அலகுகளையும் 1 1/16 அங்குல வெட்டையும் கொண்டது. தட்டையான சாணைக்கல்லில் இரண்டு அலகுகளை ஒருசேரப் படியவைத்துத் தீட்டலாம் என்பது அதன் தனிச்சிறப்பு; பெட்டியிலிருந்து எடுத்தபடியே போதிய கூர்மை இருப்பதில்லை என்பது அதன் குறை. தீட்டத் தயங்குபவர்கள் அதை வாங்க வேண்டாம். ஸ்லிக் டிரிக் ஸ்டாண்டர்டில் நான்கு அலகுகள், 1 அங்குல வெட்டு, குட்டையான உடல். உடல் குட்டையாக இருப்பதால் காற்று அதைப் பிடித்துத் திருப்புவது குறைவு. என் வில்லில் பயிற்சி முனைக்கு மிக நெருக்கமாகப் போய்த் தைப்பது இதுதான். அயர்ன் வில் (Iron Will) என்ற நிறுவனத்தின் ஏ2 கருவி எஃகு முனை எலும்பைக் கடந்த பிறகும் கூர்மையைக் காப்பதில் இவை இரண்டையும் விஞ்சுகிறது. விலையோ மிக அதிகம். பெரிய எல்க் மான் தேடிப் போகிறவர் அதை எண்ணிப் பார்க்கலாம்.

விரியும் முனைகளில் ரேஜ் ஹைப்போடெர்மிக் 2 அங்குலம் வெட்டும். காயம் பெரிதாகி இரத்தத் தடம் தெளிவாக விழும். ஆனால் அலகுகளை விரிக்கவும் அகன்ற வழியை வெட்டவும் அம்பின் ஆற்றலில் ஒரு பங்கு செலவாகிறது. மேலிருந்து எய்யும்போது அம்பு மறுபக்கம் தாழ்வாக வெளியேறினால்தான் தடம் எளிதில் கிடைக்கும் என்பதால், குறைந்த இழுவிசையுள்ள வில்லுக்கு நிலையலகு முனையையே பரிந்துரைக்கிறேன். விலங்கு நெடுநேரம் துன்புறாமல் விழ வேண்டும் என்ற கடமை நமக்கு இருக்கிறது. முனையைத் தேர்வதில் மற்றெல்லாக் கணக்கும் அதற்குப் பின்னால்தான் வரும்.

பொருத்தம் பார்க்கும்போது இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். பல முனைகளின் அடிப்பகுதி 5 மி.மீ. தண்டைவிடச் சற்று அகலமாக இருப்பதால் சேருமிடத்தில் ஒரு சிறு படி தெரியும். அது பறப்பைக் கெடுப்பதில்லை. நுரை இலக்கிலிருந்து அம்பை இழுக்கும்போது மட்டும் தடுக்கும். கியூஏடி எக்ஸோடஸ் போல அலகு தண்டின் மேல் வரை பின்னோக்கி நீளும் முனைகளில், மேலே சொன்ன உலோக வளையம் அலகின் அடியில் இடிக்கிறதா என்று பூட்டிப் பார்த்த பின்பே வளையத்தை வாங்க வேண்டும்.

எந்த முனையானாலும் அம்பைச் சுழற்றிப் பார்த்து முனை தள்ளாடுகிறதா என்று சோதியுங்கள். பிறகு பயிற்சி முனையும் வேட்டை முனையும் ஒரே இடத்தில் தைக்கின்றனவா என்று எய்து பாருங்கள். வேட்டை முனை இடப்புறம் தைத்தால் அம்புதாங்கியை வலப்புறமாக 1/32 அங்குலம் போன்ற சிறு அளவுகளில் நகர்த்தி, இரண்டும் சேரும்வரை தொடர வேண்டும். ஒவ்வொரு முறை எய்த பிறகும் தண்டை மெல்ல வளைத்து, சுழற்றி, வெடிப்போ நொறுங்கும் ஒலியோ இருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது. விரிசல் விட்ட கார்பன் தண்டு வில்லை விடும் கணத்தில் சிதறிக் கையைத் துளைத்துவிடும். தண்டு மானின் உடலுக்குள் உடைந்திருந்தால், கார்பன் இழைகள் கலந்திருக்கக்கூடிய இறைச்சியை வெட்டி எறிந்துவிட வேண்டும்.

புதிதாக வாங்குபவர்கள் 340 ஆக்சிஸ் தண்டில் அரை டஜன், 100 கிரெயின் ஸ்லிக் டிரிக் ஒரு பொதி என்று தொடங்கலாம். முனைகளில் ஒன்றைப் பயிற்சிக்கென்றே அடையாளமிட்டு ஒதுக்கிவிடுங்கள். இலக்கில் எய்த அலகை மாற்றாமல் காட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது.